ஐந்து ஷில்லிங்கும் தூக்குக் கயிறும்

மேலைநாட்டுப் பேரங்காடிகளின் வாயிலில் இரு கம்பங்களை நாம் காண்கிறோம். பணம் செலுத்தாத பொருள் அவற்றைக் கடந்தால் மணி ஒலிக்கும். கடைத்திருட்டைத் தடுக்க இங்கிலாந்து முன்பு நம்பியிருந்தது தூக்குமரத்தை.

1699-இல் அங்கு இயற்றப்பட்ட சட்டம், கடையிலிருந்து ஐந்து ஷில்லிங்கோ அதற்கு மேலோ மதிப்புள்ள பொருளை மறைவாகத் திருடுவோருக்கு மரண தண்டனை விதித்தது. 1771-இல் மேரி ஜோன்ஸ் என்னும் இளம்பெண் இச்சட்டத்துக்குப் பலியானாள். அவளுடைய கணவனைக் கடற்படையினர் வலுக்கட்டாயமாகப் பிடித்துச் சென்றிருந்தனர். அவள் குழந்தைகளோடு தெருவுக்கு வந்துவிட்டாள். எடுத்த துணியைக் கடையாள் பார்த்ததும் அவள் திரும்ப வைத்துவிட்டாள் என்றும், பால்குடிக்கும் குழந்தையோடுதான் தூக்குமேடைக்குப் புறப்பட்டாள் என்றும் 1777-இல் சர் வில்லியம் மெரெடித் நாடாளுமன்றத்தில் எடுத்துரைத்தார்.

இக்கொடுமை திருட்டை ஒழித்ததா? இல்லை. உயிரைப் பறிக்க மனம் ஒப்பாத ஜூரிகள், திருடிய பொருளின் மதிப்பை ஐந்து ஷில்லிங்குக்குச் சற்றே குறைத்துத் தீர்ப்பளிக்கலாயினர். வழக்குத் தொடுக்கவே தயங்கிய வணிகரும் உண்டு. தண்டனையின் கடுமையே தண்டனையை நிச்சயமற்றதாக்கியது. இதைச் சுட்டிக்காட்டிய சாமுவேல் ரோமிலி 1810-இல் கொண்டுவந்த திருத்த மசோதாவை மக்களவை ஏற்றது; பிரபுக்கள் அவை நிராகரித்தது. பலமுறை முயன்றும் வெற்றி காணாமலே அவர் 1818-இல் மறைந்தார். 1820-களில்தான் அத்தண்டனை நீங்கியது.

பின்னர் கடையின் அமைப்பே மாறியது. 1916-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் திறக்கப்பட்ட பிக்லி விக்லி கடையில், வாடிக்கையாளரே பொருளை எடுத்துக்கொண்டு காசாளரிடம் வரலாயினர். விற்பனையாளரின் கண்காணிப்பு குறைந்தது. கைக்கெட்டும் தூரத்துக்கு ஆசை வந்தது. 1960-களில் ஆர்தர் மினாசி முதலியோர் மின்னணுப் பட்டைகளை உருவாக்கினர். பணம் செலுத்தியதும் காசாளர் பட்டையை அகற்றுவார், அல்லது செயலிழக்கச் செய்வார். இல்லையேல் வாயிற்கம்பங்கள் அதை உணர்ந்து ஒலியெழுப்பும்.

பிடிபடுவோம் என்னும் உறுதியே தடுக்கும் என்ற ரோமிலியின் வாதத்துக்கு இக்கருவி உருவம் தந்திருக்கிறது எனலாம். ஆயினும் பசித்தவளையும் பேராசைக்காரனையும் அது வேறுபடுத்தி அறியாது. மணி ஒலித்த பிறகு என்ன செய்வது என்னும் கேள்வி இன்றும் மனிதரிடமே வந்து நிற்கிறது. மதிப்பைக் குறைத்துச் சொன்ன அந்த ஜூரிகளை நாம் மறந்துவிடலாகாது.