முதுமையும் மருத்துவக் கொள்கையும்: கப்பல்துறையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலையிலிருந்து கண்டி நோக்கிச் செல்லும் பெருவீதியிலே, துறைமுகத்தை அடுத்த நிலப்பகுதியில் அமைந்த ஊர் கப்பல்துறை. பெயரிலேயே கப்பலைத் தாங்கி நிற்கும் இவ்வூர் சார்ந்த பிரதேசத்தின் வரலாறு பெரும்பாலும் கப்பல்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலரும் இத்துறைமுகத்தை நாடி வந்தமையும், 1942 ஏப்ரல் 9 இல் யப்பானியர் குண்டு வீசியமையும், 1957 இல் ஆங்கிலேயரின் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டமையும் யாவரும் அறிந்தவையே. ஆயின், அத்துறைமுகத்தை நம்பி உழைத்து மூத்த மக்கள் தம் இறுதிக் காலத்தை எவ்வாறு கழித்தனர் என்பது வரலாற்று நூல்களில் இடம்பெறுவது அரிது. முதியோர்க்கான மருத்துவக் கொள்கை உருவான வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்ந்து, அவ்வரலாறு இத்தகைய ஊர்களுக்கு எதனை உணர்த்துகின்றது என நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதுமையை மருத்துவத்தின் பொருளாகக் கொள்ளுதல் நமக்குப் புதிதன்று. ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களுள் ஒன்றாகிய இரசாயனம் மூப்பைத் தணிப்பதையே பொருளாகக் கொண்டது. சித்த மருத்துவத்தின் காயகற்பமும் அத்தகையதே. எனினும், இவை தனிமனிதனின் உடலைப் பற்றியே பேசின. மூத்தோரைப் பேணும் மருத்துவப் பொறுப்பு சமுதாயத்துக்கு உண்டு என்னுங் கருத்து பிற்காலத்திலேயே வடிவம் பெற்றது. முதியோர் மருத்துவம் என்னும் தனித்துறைக்கு 1909 இல் ஆங்கிலப் பெயர் சூட்டியவர் அமெரிக்காவில் வாழ்ந்த இக்னாற்ஸ் நாஷர் என்பவர். குழந்தை மருத்துவம் தனித்துறையாக விளங்குவதுபோல் முதியோர் மருத்துவமும் விளங்கல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

பெயர் சூட்டியவர் நாஷராயினும், அதனை நடைமுறையிற் காட்டியவர் மார்ஜரி வாரன் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவரே. 1935 இல் இலண்டனை அடுத்த மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையில், அயலிலிருந்த வறியோர் விடுதியின் நோயாளர் அவர் பொறுப்பில் வந்தனர். ஆண்டுக்கணக்கிற் படுக்கையிற் கிடந்த அவர்களுட் பலருக்கு நோய் இன்னதென்றுகூட முறையாக ஆராயப்பட்டிருக்கவில்லை. வாரன் ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்தார், நோய்க்கேற்ப வகைப்படுத்தினார், எழுப்பி நடக்கப் பயிற்றினார். மீளார் எனக் கைவிடப்பட்டோருட் பலர் வீடு திரும்பினர். 1943 இலும் 1946 இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகள் பிரித்தானியாவின் முதியோர் மருத்துவத்துக்கு அடித்தளமாயின. அம்முதியோரை முடக்கியது மூப்பு மட்டுமன்று, கவனிப்பாரின்மையுமே என்பது அவர் தெளிவாக்கிய உண்மை.

இவ்வுண்மையைத் தமிழகத்தில் நிறுவன வடிவில் நிலைநாட்டியவர் பேராசிரியர் வி. எஸ். நடராசன் ஆவார். பிரித்தானியாவில் இத்துறையிற் பயிற்சி பெற்றுத் திரும்பிய அவர், 1978 இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோர்க்கெனத் தனியான வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். பத்தாண்டுகள் கழித்து, 1988 இல், பத்துப் படுக்கைகள் கொண்ட விடுதி அமைந்தது. 1996 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில், இந்தியாவிலேயே முதன்முறையாக, முதியோர் மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு ஆரம்பமாயிற்று. 2012 இல் அவர் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இவ்வாண்டுகளின் வரிசை ஊன்றி நோக்கற்பாலது. முதலில் முதியோர் வந்து அமரத்தக்க ஓரிடம், பின்னர் படுக்கைகள், அதன் பின்னரே பட்டப்படிப்பு. இந்திய அரசின் முதியோர்க்கான தேசியக் கொள்கை வெளியானதோ 1999 இல். மாவட்ட மருத்துவமனைகளிற் பத்துப் படுக்கை விடுதி அமைத்தலை உள்ளடக்கிய முதியோர் நலவாழ்வுத் தேசியத் திட்டம் 2010 இலேயே தொடங்கியது. சென்னை கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 இல் திறந்துவைக்கப்பட்டது. கொள்கை நடைமுறையைப் பிறப்பிக்கும் எனப் பொதுவாக எண்ணுகின்றோம். சென்னையின் வரலாறோ, நடைமுறை கொள்கைக்கு முன்னோடியாக அமைதலுங் கூடும் என்பதற்குச் சான்றாகும்.

இனி, இலங்கையை நோக்குவோம். இங்கு முதியோர் பற்றிய சிந்தனை வறுமை நிவாரணத்தோடு ஒட்டியே தொடங்கியது. 1939 இன் வறியோர் சட்டம் இதற்குச் சான்று. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையில் அமைந்த சமூக சேவை ஆணைக்குழு 1947 இல் அறிக்கை சமர்ப்பித்தது. அடுத்த ஆண்டு சமூக சேவைத் திணைக்களம் தோன்றியது. 1958 இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிறைவேறியது. இவை யாவும் முதியவரின் கைச்செலவை எண்ணின. அவரது கண்ணையும் முழங்காலையும் நினைவையும் எண்ணவில்லை.

மருத்துவத்துறையோ மற்றொரு முனையிற் பெருஞ்சாதனை புரிந்துகொண்டிருந்தது. 1926 இல் களுத்துறையில் அமைந்த சுகாதார அலகு, மருத்துவச் சேவையைத் தாயினதும் சேயினதும் வீட்டுவாசலுக்கே கொண்டுசென்றது. இலவச மருத்துவமும் மலேரியா ஒழிப்பும் இதனோடு இணைந்தன. 1946 இல் ஏறத்தாழ 43 ஆண்டுகளாயிருந்த சராசரி ஆயுள் 1980 களின் தொடக்கத்தில் 70 ஐ அண்மியது. அறுபது வயதுக்கு மேற்பட்டோர் 1946 இல் மொத்த மக்களில் 5.4 வீதம், 1981 இல் 6.6 வீதம், 2012 இல் 12.4 வீதம். பிறப்பு வீதம் குறைந்தமையும் இதற்கு ஒரு காரணமெனினும், தொட்டிலைக் காத்த கொள்கையின் வெற்றியே முதியோர் பெருகியமைக்கு அடிப்படையாகும்.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் முதியோர்க்கான தேசிய சபையை நிறுவியது. பெற்றோரைப் புறக்கணியாதிருத்தலைப் பிள்ளைகளின் சட்டக் கடமையாக்கியது. பராமரிப்புக் கோரி முறையிடச் சபையொன்றையும் அமைத்தது. 2017 இல் முதியோர் சுகாதாரத்துக்கெனத் தனியான தேசியக் கொள்கையும் உருவாயிற்று. ஆகவே, எழுத்திற் குறைவில்லை எனலாம்.

இவ்விடத்திலேயே கப்பல்துறை நமக்கு வினாவாகி நிற்கின்றது. 1990 இலும் 2006 இலும் திருகோணமலை மாவட்டத்தில் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். போர் சில பெற்றோரின் பிள்ளைகளைப் பலிகொண்டது. வேறு சிலரின் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பியது. பெற்றோரைப் பேணல் பிள்ளையின் கடன் என்று சட்டங் கூறுகையில், பிள்ளையற்றுப் போன பெற்றோர் எவரிடம் முறையிடுவர்? அரசு இப்பொறுப்பை ஏற்பின் குடும்பப் பிணைப்புத் தளரும் என வாதிடுவோர் உளர். தாய் சேய் நலச் சேவையால் தாயன்பு தளர்ந்ததுண்டோ என்பதே அவர்க்கு நாம் கூறக்கூடிய விடை. மேலும், வெளிநாட்டிலிருந்து வரும் பணம் மருந்து வாங்க உதவும். மருந்தை வேளையறிந்து எடுத்துக் கொடுக்க உதவாது.

வழி இல்லாமலில்லை. களுத்துறை காட்டிய வழி ஒன்று: கருவுற்ற தாயை வீடு தேடிச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தரைப் போன்று, படுக்கையில் இருக்கும் முதியவரை வீடு தேடிச் செல்லும் ஊழியர் ஒருவர் வேண்டும். சென்னை காட்டிய வழி மற்றொன்று: மாவட்ட வைத்தியசாலையில் முதியோர்க்கென வாரத்தில் ஒரு நாளும், சில படுக்கைகளும் ஒதுக்கித் தொடங்குதல். கப்பல்துறையில் ஆயுர்வேத வைத்தியசாலை உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திற் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகப் பயிற்றப்படுகின்றது. முதியோர் பெரிதும் நம்பி நாடும் இம்மருத்துவங்களும் மேலை மருத்துவமும் ஒரே முதியவரை ஒருங்கே நோக்கும் ஏற்பாடு இங்கு அரிதன்று.

வாரன் அம்மையார் முதலிற் செய்தது புதிய மருந்து கண்டதன்று. கிடந்தோரை ஒவ்வொருவராகச் சென்று பார்த்ததே. எனவே, பல்கலைக்கழக மாணவர் தம் ஊர்களில் தனித்து வாழும் முதியோர் எத்துணையர், அவர்தம் நோய்கள் எவை, அவர் அண்மையிலுள்ள வைத்தியசாலையை எவ்வாறு அடைகின்றனர் எனக் கணக்கெடுத்தல் நற்றொடக்கமாகும். கப்பல்துறை போன்ற ஊர்களிலிருந்து அத்தகைய கணக்குகள் எழுமாயின், 2017 இன் கொள்கை ஏட்டிலிருந்து இறங்கி வீட்டு வாயிலை அடையும் எனலாம்.