மடிக்கணினி ஏன் சுடுகிறது? ஒரு வரலாறு

மடிக்கணினி இல்லாத இல்லம் இன்று நம்மிடையே அரிது. பிள்ளைகளின் பாடம், கடையின் கணக்கு வழக்கு, கடல் கடந்து பணிபுரிவோருடன் முகம் பார்த்துப் பேசுதல் என அனைத்திற்கும் அதுவே துணை. அதன் அடிப்புறம் சூடேறி விசிறி இரையத் தொடங்கினால், கெட்டுவிட்டது என்று பெரியோர் அஞ்சுகின்றனர். இளையோரோ அதைப் போர்வையின் மேல் வைத்துக்கொண்டு கவலையின்றித் தொடர்கின்றனர். எவ்வளவு சூடு இயல்பானது, எது கேடு என்பதை அறிய வேண்டுமானால், அச்சூட்டின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்பது நலம்.

கணினி உண்ணும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படுகிறது. 1946-இல் அமெரிக்காவில் உலகுக்கு அறிமுகமான எனியாக் என்னும் கணினி ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களைக் கொண்டிருந்தது; 150 கிலோவாட் அளவுக்கு மின்சாரம் உண்டது. அது நின்ற மண்டபத்திற்குள் காற்றைச் செலுத்தப் பெரும் ஊதுவிசிறிகள் சுழன்றன. பின்னர் சிலிக்கான் சில்லு வந்தது. 1965-இல் கோர்டன் மூர், சில்லில் அடங்கும் உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் பெருகும் என்று முன்னுரைத்த கட்டுரையிலேயே, இவ்வளவையும் ஒரே சில்லில் அடைத்தால் எழும் வெப்பத்தை வெளியேற்ற இயலுமா என்ற வினாவையும் எழுப்பினார். இயலும் என்றே விடையும் அளித்தார். 1974-இல் ராபர்ட் டென்னார்டும் அவருடைய தோழர்களும் அதற்கான கணக்கை வகுத்தனர்: உறுப்புகளைச் சிறிதாக்கி, மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்துவந்தால், சில்லின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் வெளியிடும் வெப்பம் உயராது. இந்தக் கணக்கின் நிழலில் கணினித் தொழில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் செழித்தது.

ஆனால் வேகத்தின் மீதான வேட்கை அக்கணக்கை மீறிச் சென்றது. 1980-களின் செயலிகள் ஓரிரு வாட்டுகளோடு நின்றன. தனி விசிறி அவற்றுக்குத் தேவைப்படவில்லை. 1993-இல் வெளிவந்த முதல் பென்டியம் 15 வாட் அளவுக்கு வெப்பத்தை உமிழ்ந்தது. இன்று இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். அன்றோ, விரல் நகம் அளவான சில்லில் எழும் அவ்வெப்பத்தை மெல்லிய மூடிய பெட்டிக்குள்ளிருந்து வெளியேற்றுவது எப்படி என்று மடிக்கணினி வடிவமைப்போர் திகைத்தனர்.

அவர்களுக்குக் கைகொடுத்தது, கணினிக்குத் தொடர்பே இல்லாத ஓர் ஆய்வின் பயன். 1963-இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர், விண்வெளி மின்னாக்கக் கருவிகளுக்கென வெப்பக் குழாயை உருவாக்கினார். அதன் கருத்தை 1940-களிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் காக்லர் காப்புரிமையாகப் பதிந்திருந்தார். பயன்படுத்துவார் எவருமின்றி அது கிடந்தது. காற்று அகற்றிய செப்புக் குழாய், உள்ளே சிறிதளவு நீர், உட்சுவரில் திரிபோன்ற நுண்துளைப் படலம்: கருவி இவ்வளவே. காற்றில்லாமையால் குறைந்த சூட்டிலேயே நீர் ஆவியாகிறது. ஆவி குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே வெப்பத்தை இறக்கிவிட்டு மீண்டும் நீராகிறது. விளக்குத் திரி எண்ணெயை ஈர்ப்பதுபோல் அந்நீரைப் படலம் சூடான முனைக்குத் திரும்பக் கொணர்கிறது. அசையும் உறுப்பு எதுவும் இதில் இல்லை. 1990-களின் நடுப்பகுதி முதல் இக்குழாய் மடிக்கணினிகளில் குடியேறியது. இன்று பழுது பார்ப்பவர் நம் கணினியைத் திறக்கும்போது, செயலியிலிருந்து விசிறி வரை வளைந்து செல்லும் தட்டையான செம்பு நிறக் குழாயாக அதை நாமே காணலாம்.

குழாயும் விசிறியும் சேர்ந்தும் சிக்கல் தீரவில்லை. 2001-இல் இன்டெல் நிறுவனத்தின் பாட்ரிக் கெல்சிங்கர், இதே போக்கு நீடித்தால் சில்லின் வெப்பச் செறிவு அணு உலையையும், பின்னர் ராக்கெட்டின் ஊதுமுனையையும், முடிவில் சூரியனின் மேற்பரப்பையும் எட்டிவிடும் என எச்சரித்தார். அவருடைய நிறுவனமே அவ்வெச்சரிக்கைக்குச் செவிசாய்க்கச் சில ஆண்டுகள் பிடித்தன என்பது வியப்பு. 2004-இல் வந்த பிரெஸ்காட் வகைப் பென்டியம் 4, 100 வாட்டைக் கடந்தது. அதன் வழித்தோன்றலாகத் திட்டமிடப்பட்ட டேஜாஸ் அதே ஆண்டு மே மாதம் கைவிடப்பட்டது.

இங்கேதான் மடிக்கணினி வரலாற்றின் திசையை மாற்றியது. 2003 மார்ச்சில், மடிக்கணினிக்கென்றே வடிவமைக்கப்பட்ட பென்டியம் எம் செயலி வெளிவந்திருந்தது. அதன் வேக எண் குறைவு; உமிழும் வெப்பம் ஏறத்தாழ 25 வாட்டுக்குள் அடங்கியது. ஆயினும் அதைவிட மிக உயர்ந்த எண்ணைப் பறைசாற்றிய பென்டியம் 4 உடன் அது வேலையில் ஈடுகொடுத்தது. 2006-இல் வந்த கோர் 2 செயலிகள் இந்த எளிய மரபிலிருந்தே கிளைத்தன. பெரிய மேசைக்கணினிகளும் சிறிய தம்பியின் வழியைப் பின்பற்ற நேர்ந்தது. ஆப்பிள் நிறுவனமும் தன் ஜி5 செயலியை மடிக்கணினிக்குள் கொண்டுவர இயலாமல், 2005 ஜூனில் இன்டெலுக்கு மாறுவதாக அறிவித்தது. ஒவ்வொரு வாட்டுக்கும் எவ்வளவு வேலை நடக்கிறது என்பதே அவர்கள் கூறிய காரணம்.

வெப்பத்தை அலட்சியம் செய்தால் நேரும் விளைவையும் அவ்வாண்டுகள் காட்டின. 2008-இல் என்விடியா நிறுவனம், மடிக்கணினிகளில் இருந்த தன் வரைகலைச் சில்லுகள் பழுதாவதை ஒப்புக்கொண்டு, ஏறத்தாழ 20 கோடி டாலரை அதற்கென ஒதுக்கியது. சில்லையும் அதன் அடித்தட்டையும் இணைக்கும் பொருள், சூடேறுவதும் ஆறுவதுமான சுழற்சியைத் தாங்காமல் விரிசல் கண்டது.

இத்தனைக்கும் பின்னர் வகுக்கப்பட்ட எல்லைகளே இன்று நாம் இயல்பு என்று கொள்ளத்தக்கவை. எளிய எழுத்துப் பணியின்போது செயலி 40 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். காணொளித் தொகுப்பு, விளையாட்டு போன்ற கடும் பணியில் 80, 90 என ஏறினும் அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலான செயலிகளுக்கு உச்ச வரம்பு 95 முதல் 105 டிகிரிக்குள் அமைகிறது. அதை நெருங்கினால் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், வரம்பை மீறினால் கணினி அணைந்துவிடும். ஒன்றும் செய்யாதபோதே 80 டிகிரியில் நின்றால், காற்றுவழி தூசியால் அடைபட்டிருக்கலாம், அல்லது வெப்பப் பசை உலர்ந்திருக்கலாம். பல நிறுவனங்கள் தம் கணினிக்கு ஏற்றதாகக் குறிப்பிடும் அறை வெப்பநிலை 35 டிகிரி வரையே. அக்கினி நட்சத்திரத்தில் நம் மாடி அறைகள் அதை எளிதில் கடக்கின்றன. அவ்வேளையில் மெத்தை மேல் வைத்து அடிப்புறக் காற்றுவழியையும் மூடுவது கணினிக்கு இழைக்கும் கொடுமை.

கணினி தாங்கும் சூட்டை உடல் தாங்கும் எனக் கொள்ளலாகாது. பன்னாட்கள் மடிக்கணினியை மடியிலேயே வைத்திருப்போரின் தொடையில் வலைபோன்ற கருஞ்சிவப்புத் தழும்பு தோன்றுவதை மருத்துவர்கள் 2004 முதல் பதிவு செய்துள்ளனர். கொப்புளம் எழாத மெல்லிய சூடே இதற்குப் போதும். காஷ்மீரில் குளிர்காலத்தில் ஆடைக்குள் காங்ரி என்னும் தணல்சட்டியை ஏந்துவோரிடம் காணப்படும் அதே பழைய நோய் இது.

2015-இல் ஆப்பிளின் மெல்லிய மேக்புக்கும், 2020 நவம்பரில் எம்1 சில்லுடன் வந்த மேக்புக் ஏரும் விசிறியே இன்றி வெளிவந்தன. இரைச்சல் ஒழிந்தது. ஆயினும் கடும் பணியைத் தொடர்ந்து சில நிமிடங்கள் கொடுத்தால், அவையும் சூடேறி வேகத்தைத் தாமே தணித்துக்கொள்கின்றன.