கடுக்காய் எந்த ஊர்?

எங்கள் வீட்டுப் பத்திரக் கட்டைப் பிரித்தால் ஒரே வீடு மூன்று மாவட்டங்களில் இருக்கும். தாத்தா காலத்துப் பத்திரத்தில் தென்னார்க்காடு ஜில்லா. 1993-ல் அதைப் பிரித்த பிறகு எடுத்த நகலில் விழுப்புரம் மாவட்டம். இப்போது வரும் வீட்டு வரி ரசீதில் கள்ளக்குறிச்சி மாவட்டம், அதாவது 2019 நவம்பரில் பிறந்தது. வீடு என்னவோ இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது.

நாற்பதுகளில் கட்டிய மெத்தை வீடு. திண்ணை, நடை, முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். தேக்கு விட்டங்களின் மேல் சிறு செங்கல்லைக் குத்தி நிறுத்திச் சுண்ணாம்புக் காரையால் பிடித்த கட்டைக்குத்துத் தளம். "இடிச்சுப் போட்டுட்டு கான்கிரீட்டுல கட்டிடலாம்டா" என்றார் சித்தப்பா. தப்பு சொல்ல முடியாது. முற்றத்தை ஒட்டிய சுவர் இடுப்பளவுக்கு ஓதம் ஏறி, உப்புப் பூத்து, தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது.

ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. அதே வயசுதான் மாடி ஏறும் படிக்கட்டுச் சுவருக்கும். அது வழவழவென்று அப்படியே இருந்தது. விசாரித்தால், கெட்டுப்போன சுவர்களில் மட்டும் இருபது வருடத்துக்கு முன் பழைய பூச்சைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னுதான்" என்றார் சித்தப்பா.

அந்த ஸ்ட்ராங்குதான் வினை. சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி நீறாத சுண்ணாம்பு கிடைக்கும். தண்ணீர் விட்டுத் தாளித்து, மணலோடு அரைத்துப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவைத் திரும்ப எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கல்லாகும். கல்லானாலும் நுண்துளைகள் இருக்கும். தரையிலிருந்து ஏறும் ஈரம் அவற்றின் வழியாக ஆவியாகிப் போய்விடும். சிமெண்ட் சுமார் 1,450 டிகிரியில் வெந்து வரும் பொருள். பூச்சு இறுக்கமாக இருக்கும். அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ஈரம் வெளியே வர வழியில்லாமல் செங்கல்லையே தின்னத் தொடங்கும். சிமெண்ட் கெட்ட பொருள் இல்லை. அதற்கென்று கட்டிய வீட்டில் அது நன்றாகவே உழைக்கிறது. அஸ்திவாரத்திலிருந்து சுண்ணாம்பும் செங்கல்லுமான வீட்டுக்கு அது ஒத்துவராத சம்பந்தம், அவ்வளவுதான்.

இதில் நாம் மட்டும் மாட்டிக்கொள்ளவில்லை. இங்கிலாந்தில் போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1824-ல். சென்னையில் சிமெண்ட் ஆலை வந்தது 1904-ல். ஓரிரு தலைமுறைக்குள் சுண்ணாம்பு அரைக்கும் செக்குகள் எங்கும் நின்றுபோயின. பழைய சுவரில் சிமெண்ட் பூசிவிட்டுப் பிறகு அதைக் கொத்தி எடுக்கும் வேலை ஐரோப்பாவிலும் நடக்கிறது.

சரி, திரும்பச் சுண்ணாம்பே பூசலாம் என்று முடிவு செய்தேன். பழைய வேலை தெரிந்த ஒரு மேஸ்திரி கிடைத்தார். அவர் கொடுத்த பட்டியலில் சுண்ணாம்பு, மணல், வெல்லம், கடுக்காய். கடுக்காயையும் வெல்லத்தையும் பத்து நாளுக்கு மேல் ஊறப் போட்டு, அந்தத் தண்ணீரை விட்டுத்தான் காரை அரைக்க வேண்டும். வெல்லத்தின் சர்க்கரை சுண்ணாம்பைத் தண்ணீரில் கூடுதலாகக் கரைய வைக்கும். கடுக்காயில் இருப்பது துவர்ப்பு, தோல் பதனிடப் பயன்படுகிற அதே சத்து. அதற்காகவே சென்னை மாகாணத்திலிருந்து கடுக்காய் ஒரு காலத்தில் கப்பலேறியது.

தாத்தா வீடு கட்டியபோது எழுதிய செலவு நோட்டு ஒன்று இருக்கிறது. தேக்கு எங்கே வாங்கியது, வண்டிச் சத்தம் எவ்வளவு, கொத்தனார் கூலி, சித்தாள் கூலி எல்லாம் தேதிவாரியாக எழுதியிருக்கிறார். கடுக்காய்க்கு மட்டும் வெறும் பெயரும் தொகையும். அது எங்கிருந்து வந்தது என்று அத்தையிடம் கேட்டேன்.

"எங்கிருந்து வரும்? மலைலேர்ந்துதான். மலைக்காரங்க தலைச்சுமையா எறக்கிக் கச்சிராயபாளையத்துல போடுவாங்க. உப்பு, துணி வாங்கிக்கிட்டு பொழுதோட ஏறிடுவாங்க."

மலை என்றால் எங்கள் ஊரில் ஒன்றுதான், கல்வராயன் மலை. இப்போது பஸ் போகிற அந்த மலையின் நிலை அன்றைக்கு வேறு. சமவெளியில் ஜமீன்களை ஒழிக்க 1948-லேயே சட்டம் வந்துவிட்டது. கல்வராயன் மலையோ மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. 1976-ல்தான் அரசு அதை முழுமையாக எடுத்துக்கொண்டது. நாடு விடுதலையடைந்து 29 வருடம் கழித்து. எங்கள் வீட்டுச் சுவர் எழும்பிய காலத்தில் அந்தக் கடுக்காயைப் பொறுக்கியவர்கள் ஜாகீருக்குக் கட்டுப்பட்ட குடிகள். தேக்குக்கு ஊர் எழுதிய தாத்தாவுக்குக் கடுக்காய்க்கு ஊர் எழுதத் தோன்றவில்லை. 'எங்க அப்பா கட்டின வீடு' என்று நாங்களும் இதுநாள் வரை சொல்லிக்கொண்டிருந்தோம்.

நாட்டு மருந்துக் கடையிலேயே வாங்கியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. வெள்ளிமலைக்குப் போய், அங்கிருந்து உள்ளே ஒரு ஊரில் வாங்கினேன். எடை போட்ட அம்மா, "இவ்வளவு கடுக்காய் எதுக்கு சாமி?" என்று கேட்டார். சுவருக்கு என்றதும் சிரித்துவிட்டார். "சொவத்துக்கா! எங்க அப்பன் காலத்துல மூங்கிலை நட்டு மண்ணு அப்பின வூடு. இப்ப கவருமெண்டு குடுத்த வூடு, சிமெண்டு. கடுக்காய் போட்ட சொவரை நான் பாத்ததே இல்ல."

கீழே எங்கள் வீடு எண்பது வருடம் நிற்கக் காரணமான சரக்கு அது. கொடுத்த ஊரில் அந்தச் சுவர் இல்லை. வேலை முடிந்ததும் வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பழைய வீட்டில் கை வைக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொத்துவதற்கு முன், ஒரு மூலையில் உள்ளங்கை அளவுக்குச் சுரண்டி, உள்ளே என்ன பூச்சு என்று பாருங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் எந்தச் சாமான் எங்கிருந்து வந்தது என்று கேட்டு வையுங்கள்.

முற்றத்துச் சுவரில் முதல் பூச்சு முடிந்து ஈரம் காய்ந்துகொண்டிருக்கிறது. இந்த முறை செலவு நோட்டை நான் எழுதுகிறேன். கடுக்காய் என்ற இடத்தில் ஊர், எடை, விலை மூன்றையும் எழுதியிருக்கிறேன். தாத்தாவின் நோட்டோடு சேர்த்துப் பத்திரக் கட்டிலேயே வைக்கப் போகிறேன்.