வீட்டுக்குப் போனால் திரும்பி வரும் காய்ச்சல்

ஓதம் ஏறிய வீட்டில் வருஷக்கணக்கில் இருந்து, பூஞ்சையால் உடம்பு கெட்டுப்போனால் அதற்கு என்ன வைத்தியம்? இந்தக் கேள்வியோடு இணையத்தில் இறங்கினால் நூறு பதில் கிடைக்கும். நச்சு நீக்கும் பொடி, விசேஷப் பத்தியம், காற்றைச் சுத்தப்படுத்தும் கருவி, விலை கூடிய ரத்தப் பரிசோதனை. இதில் எது வைத்தியம், எது வியாபாரம் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: பழைய கதையைத் தோண்டுவது. இதற்கு முன்னால் யாராவது இப்படி ஒரு நோயைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார்களா? பிடித்திருந்தால், எப்படி?

பிடித்திருக்கிறார்கள். நான் படித்தவரையில் மிகத் தெளிவாகப் பிடித்த இடம் ஜப்பான். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப்போகிறேன். அதற்கு முன் ஐரோப்பாவில் நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும்.

முதலாவது, 1920களில் நெதர்லாந்து. லெய்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்டோர்ம் வான் லேவன் என்று ஒரு மருந்தியல் பேராசிரியர். தாழ்வான, ஈரமான பகுதிகளில் இருக்கும் ஆஸ்துமாக்காரர்கள் ஆல்ப்ஸ் மலைப்பக்கம் போனால் தேறுகிறார்கள், ஊர் திரும்பினால் மறுபடி இழுக்கிறது என்பதை அவர் கவனித்தார். காற்றில் இருக்கும் ஏதோ ஒன்றுதான் காரணம், அதில் பூஞ்சை வித்துகளுக்கும் பங்கு உண்டு என்பது அவர் ஊகம். அதைச் சோதிக்க, சுத்தப்படுத்திய காற்று மட்டும் உள்ளே வருகிற தனி அறைகளைக் கட்டி நோயாளிகளை அதில் தங்கவைத்தார். மலைக்குப் போக முடியாதவனுக்கு மலைக்காற்றை அறைக்குள் கொண்டுவருகிற முயற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, 1932-ல் இங்கிலாந்து. பூசணம் பிடித்த உலர்புல்லைக் கையாண்ட பண்ணைத் தொழிலாளர்களுக்கு மூச்சுத்திணறல் வருவதை காம்ப்பெல் என்ற மருத்துவர் எழுதிவைத்தார். பின்னாளில் இதற்கு ‘விவசாயி நுரையீரல்’ என்று பெயர் வந்தது. இது ஆஸ்துமா இல்லை. கிருமி உள்ளே புகுந்து வளர்கிற நிமோனியாவும் இல்லை. மூச்சோடு உள்ளே போகும் நுண்ணிய தூசை எதிரி என்று நினைத்து, உடம்பின் தற்காப்பே நுரையீரலின் ஆழத்தில் அழற்சியை உண்டாக்கிவிடுகிறது. இந்த வகை நோய்களுக்கு மருத்துவர்கள் வைத்த பொதுப்பெயர் ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நியூமோனைட்டிஸ். தமிழில் ஒவ்வாமை நுரையீரல் அழற்சி என்று சொல்லலாம். வாய்க்குள் நுழையாத பெயர்தான், ஆனால் இந்தக் கட்டுரை முழுக்க இதுதான் வரப்போகிறது.

சரி, ஜப்பானுக்கு வருவோம்.

அங்கே ஜூன், ஜூலை மாதங்களில் விடாமல் பெய்யும் ஒரு மழைக்காலம் உண்டு. அதற்கு ‘பிளம் மழை’ என்று பெயர். பிளம் பழம் கனியும் பருவம் என்பதால் அப்படி. ஆனால் அந்தப் பெயரின் முதல் எழுத்து ஆதியில் பிளம் இல்லை, அதே ஒலியுள்ள ‘பூசணம்’ என்ற எழுத்துதான் என்று ஒரு கருத்தும் இருக்கிறது. எது சரியோ, அந்த மாதங்களில் அங்கே துணி, செருப்பு, பாய் எல்லாம் பூத்துப்போகும் என்பது மட்டும் உறுதி.

1970களில் ஜப்பானிய மருத்துவர்கள் ஒரு வினோதமான நோயைப் பற்றி எழுத ஆரம்பித்தார்கள். கோடை வந்தால் காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத்திணறல். எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்கப் புள்ளி புள்ளியாக நிழல். குளிர்காலம் வந்ததும் தானாகவே அடங்கிவிடும். அடுத்த கோடையில் திரும்ப வரும். வந்தவர்களில் பலர் பண்ணையிலோ ஆலையிலோ வேலை செய்கிறவர்கள் இல்லை. பெரும்பாலும் பெண்கள், அதிலும் பகல் முழுக்க வீட்டிலேயே இருக்கிற இல்லத்தரசிகள். சில வீடுகளில் ஒருவருக்கு மேல் வந்தது.

இந்த நோயை ஏமாற்றுக்காரன் என்றுதான் சொல்ல வேண்டும். பார்த்தால் சளிக்காய்ச்சல் மாதிரி இருக்கும், இல்லையென்றால் நிமோனியா மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆன்டிபயாடிக் போடுவார்கள். சில நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். மருந்து வேலை செய்தது என்று எல்லோருக்கும் சந்தோஷம். வீட்டுக்கு அனுப்புவார்கள். வீட்டுக்குப் போனதும் மறுபடி காய்ச்சல். உண்மையில் அந்த மருந்துக்கு இதில் வேலையே இல்லை. நோயாளியைத் தேற்றியது ஆஸ்பத்திரிக் கட்டில். இன்னும் சரியாகச் சொன்னால், அந்தக் கட்டில் அவர் வீட்டில் இல்லை என்பது.

இதைப் புரிந்துகொண்ட மருத்துவர்கள் அதையே பரிசோதனையாக மாற்றினார்கள். நோயாளி ஆஸ்பத்திரியில் நன்றாகத் தேறியபின், அவரைத் தன் வீட்டுக்கே போய்ச் சில மணி நேரம் இருந்துவிட்டு வரச் சொல்வது. போகுமுன்னும் வந்த பின்னும் உடம்புச் சூடு, ரத்த வெள்ளணுக்கள், மூச்சின் அளவு ஆகியவற்றைப் பார்ப்பது. இருமலும் காய்ச்சலும் திரும்பினால் குற்றவாளி வீட்டுக்குள்தான் இருக்கிறான். ‘வீட்டுக்குப் போனா வந்துடுது டாக்டர்’ என்ற புலம்பலை அலட்சியப்படுத்தாமல், அதையே அளந்து பார்த்தார்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

வீட்டுக்குள் யார் குற்றவாளி என்பது அடுத்த கேள்வி. முதலில் சந்தேகம் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை மேல் விழுந்தது. நோயாளிகளின் ரத்தத்தில் அதற்கு எதிரான எதிர்ப்புப் பொருள் இருந்தது. ஆனால் ஆள் அவன் இல்லை, அவனைப் போன்ற சாயல் உள்ள இன்னொருவன். 1984-ல் குமமோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷிமாசு, ஆண்டோ முதலியோர் டிரைக்கோஸ்போரான் என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சைதான் காரணம் என்று காட்டினார்கள். இரண்டு பூஞ்சைகளின் மேலுறையிலும் ஒரேமாதிரியான சர்க்கரைப் பொருள் இருப்பதால்தான் முதல் பரிசோதனை குழப்பியது. ரத்தப் பரிசோதனையில் ஒன்று ‘பாசிட்டிவ்’ என்று வந்துவிட்டால் அதுவே காரணம் ஆகிவிடாது என்பதற்கு இது ஒரு நல்ல பாடம்.

அவர்கள் நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்த் தேடினார்கள். குளியலறை, சமையலறை ஓரங்களில் உளுத்துப்போன மரம், ஈரம் ஊறிய பாய், படுக்கை. ஜப்பானியர் தரையில் விரிக்கிற டாட்டாமி நம் கோரைப்பாய் போல மெல்லியது இல்லை. உள்ளே வைக்கோலை அழுத்தித் திணித்து, மேலே கோரை போன்ற புல்லால் நெய்து மூடிய கனமான தரைவிரிப்பு. ஈரம் இறங்கினால் உள்ளே எளிதில் காயாது. பெரும்பாலும் பழைய மரவீடுகள், காற்றோட்டமும் வெயிலும் குறைவு. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

1980 முதல் 1989 வரை நாடு முழுக்க எடுத்த கணக்கை ஆண்டோ குழு 1991-ல் வெளியிட்டது. மொத்தம் 835 பேருக்கு ஒவ்வாமை நுரையீரல் அழற்சி. அதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இந்தக் கோடை வகைதான். உலகத்தின் மற்ற இடங்களில் பண்ணையையும் பறவைக்கூண்டையும் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர்களுக்கு, ஒரு நாட்டில் குடியிருக்கும் வீடே முதல் காரணம் என்பது புதிய செய்தி.

இப்போது வைத்தியம். மூச்சு ரொம்பத் திணறினால் கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு கொடுத்து அழற்சியை அடக்கினார்கள். ஆனால் அது தீயை அணைக்கிற தண்ணீர் மட்டுமே. முக்கிய சிகிச்சை வீட்டுக்குத்தான் நடந்தது. உளுத்த மரத்தைப் பெயர்த்து எடுத்தார்கள். டாட்டாமியை மாற்றினார்கள். ஈரம் வரும் வழியை அடைத்து, காற்று வரும் வழியைத் திறந்தார்கள். கிருமிநாசினி போட்டுக் கழுவினார்கள். இதைச் சரியாகச் செய்த வீடுகளில் அடுத்த கோடை நிம்மதியாகப் போனது. அரைகுறையாகத் துடைத்துவிட்டு விட்ட வீடுகளில் நோய் திரும்பியது. அப்படிப்பட்டவர்களுக்குக் கடைசி மருந்து, வீடு மாறுவது.

கேட்க எளிமையாக இருக்கிறது, இல்லையா? ஆனால் தாமதித்தால் விஷயம் மாறிவிடும். கோடைக்குக் கோடை அழற்சி வந்து வந்து போனால் சிலருக்கு நுரையீரலில் தழும்பு விழுகிறது. தழும்பு விழுந்த இடம் திரும்ப மலராது. இன்று நிண்டெடானிப் போன்ற மருந்துகள் உண்டு. அவை தழும்பு பரவும் வேகத்தைக் குறைக்கும், விழுந்ததை அழிக்காது. அதனால்தான் காரணத்தைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது இத்தனை முக்கியம்.

இந்த ஜப்பான் கதைக்குப் பக்கத்தில் ஒரு அமெரிக்கக் கதையையும் வைத்துப் பார்க்க வேண்டும். 1993, 94-ல் ஒஹாயோ மாநிலம் கிளீவ்லாந்தில் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தம் கசிந்தது. சிலருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபின் மறுபடியும் கசிந்தது. தண்ணீர் புகுந்த வீடுகள், ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற கருப்புப் பூஞ்சை. சந்தேகம் வந்ததில் தப்பே இல்லை. ஆனால் 2000-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் பழைய ஆய்வைத் தானே மறுபரிசீலனை செய்து, பூஞ்சைதான் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று அறிவித்தது. அதற்குள் ‘விஷக் கருப்புப் பூஞ்சை’ பத்திரிகைகளிலும் நீதிமன்றங்களிலும் தனி வாழ்க்கை வாழ ஆரம்பித்துவிட்டது.

அந்தப் பயத்தின் மேல் ஒரு வைத்தியச் சந்தையும் வளர்ந்தது. சோர்வு, மறதி, உடம்புவலி எல்லாவற்றுக்கும் பூஞ்சை நச்சே காரணம் என்றார்கள். கொழுப்பைக் குறைக்கப் பயன்படும் கொலஸ்டிரமைன் பொடி குடலில் அந்த நச்சைப் பிடித்து வெளியேற்றும் என்றார்கள். அதை உறுதிசெய்யும் அளவுக்குப் பெரிய, ஒப்பீட்டுடன் கூடிய சோதனைகள் நடக்கவில்லை. 2004-ல் அமெரிக்க மருத்துவக் கழகம் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் சலித்துப் பார்த்தது. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீட்டுக்கும், இருமல், இழுப்பு, ஆஸ்துமா தொந்தரவுக்கும், சிலருக்கு வரும் ஒவ்வாமை நுரையீரல் அழற்சிக்கும் தொடர்பு இருக்கிறது என்றது. சோர்வு, நரம்பு, மனம் சார்ந்த தொந்தரவுகளுக்குப் போதிய சான்று இல்லை என்றது. சான்று இல்லை என்றால் அந்த நோயாளிகள் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை. அவர்கள் படுகிற பாடு நிஜம். காரணம் இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். பிடிபடாத காரணத்துக்கு மருந்து விற்கிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இது நமக்கு எதற்கு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். இந்தியாவில் 19 நகரங்களில் 1,084 நுரையீரல் நோயாளிகளைப் பதிவுசெய்த ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. நுரையீரல் திசு தடித்துப்போகும் நோய்களை மட்டும் கணக்கெடுத்த ஆய்வு அது. அவர்களில் 47 சதவீதம் பேருக்கு இருந்தது இதே ஒவ்வாமை நுரையீரல் அழற்சி. அந்த 47 சதவீதத்தில் ஏறத்தாழ பாதிப்பேர் ஏர் கூலர் காற்றில் இருந்தவர்கள். எப்போதும் நனைந்தே இருக்கும் கூலர் தட்டியில் பூசணம் வளர்வது ஆச்சரியம் இல்லை. கூலர்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. ஆனால் எங்கே தேட வேண்டும் என்று காட்டியிருக்கிறது. விடாத இருமலோடு டாக்டரிடம் போனால் வீட்டைப் பற்றியும் சொல்லுங்கள்: எந்தச் சுவரில் ஓதம், கூலரை எப்போது கழுவினோம், வெளியூர் போனால் இருமல் குறைகிறதா. கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. வீட்டுக்குத்தான் வைத்தியம் என்றால், வாடகைக்கு இருக்கிறவர் என்ன செய்வார்? இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில், பூஞ்சை படர்ந்த வாடகைக் குடியிருப்பில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்துபோனது. பெற்றோர் அதற்கு முன்பே பல தடவை புகார் செய்திருந்தார்கள். நீண்ட நாள் பூஞ்சையைச் சுவாசித்ததே சாவுக்குக் காரணம் என்று 2022-ல் மரண விசாரணை சொன்னது. அடுத்த வருஷமே, சமூகக் குடியிருப்புகளின் உரிமையாளர்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் ஈரத்தையும் பூஞ்சையையும் சரிசெய்தாக வேண்டும் என்பதற்கு வழிசெய்யும் சட்டம் வந்தது. அந்தக் குழந்தையின் பெயரால் அதை ‘அவாப் சட்டம்’ என்கிறார்கள்.

இத்தனையும் படித்தபின் நான் தேடிப்போன மாத்திரை கிடைக்கவில்லை. குமமோட்டோ மருத்துவர்கள் நோயாளியின் பேச்சை நம்பி அவர் வீட்டுப் பாயைப் புரட்டிப் பார்த்தார்கள். ராச்டேலில் அந்தப் பெற்றோரின் பேச்சை நேரத்தோடு யாரும் அப்படி நம்பவில்லை. அந்த வீட்டுக்குத் தேவைப்பட்ட வைத்தியம் 1980களிலேயே தெரிந்ததுதான்.