எதிர்முழக்கமும் ஒலிவாங்கியும்



கதை சொல்லும் போட்டி ஒன்றில் நான் நடுவராக இருந்தேன். மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனின் ழகரமும் ளகரமும் என் செவிக்கு ஒன்றாகவே கேட்டன. உச்சரிப்புக்குரிய மதிப்பெண்ணைக் குறைத்தேன். பின்னர், மேடையருகே அமர்ந்திருந்த அவன் தாயார் கைப்பேசியில் பதிந்ததைக் கேட்டுத் திகைத்தேன். அவன் நா பிசகவில்லை. பிழை மண்டபத்துடையது, அவன் வாய்க்கு எட்டாத தொலைவில் நின்ற ஒலிவாங்கியுடையது.

இச்சிக்கலுக்கு நூறாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு. 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபம் பயனற்றுக் கிடந்தது. பேசிய சொல் ஏறத்தாழ 5.5 விநாடிகள் ஒலித்துக்கொண்டே இருந்ததால், அடுத்தடுத்த சொற்கள் அதில் மூழ்கின. அதை ஆராய்ந்தவர் வாலஸ் சபைன் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியர். இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பி, முழக்கம் அடங்கும் நேரத்தை அளந்தார். மண்டபத்தின் கன அளவு கூடினால் முழக்கம் நீளும். ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும் என்று கண்டார். அவர் ஆலோசனையுடன் எழுந்த பாஸ்டன் சிம்பனி மண்டபம் 1900-இல் திறக்கப்பட்டது.

ஒலிவாங்கியின் வரலாறும் இதனோடு இணைந்ததே. எல்லாத் திசைகளிலிருந்தும் ஒலியை ஏற்கும் ஒலிவாங்கி, பேச்சோடு சுவரின் முழக்கத்தையும் அள்ளிக்கொள்ளும். ஒலிபெருக்கியின் ஒலியைக் கூட்டினால் முழக்கமும் சேர்ந்தே கூடும். 1939-இல் ஷூர் நிறுவனத்தின் பெஞ்சமின் பாவர், ஒரே ஒலியுறுப்பைக் கொண்டு முன்புற ஒலியை ஏற்று, பின்புற ஒலியைத் தணிக்கும் 'யூனிடைன்' ஒலிவாங்கியை உருவாக்கினார். இத்தகைய இதயவடிவ ஒலிவாங்கி, எல்லாத் திசை ஒலிவாங்கியோடு ஒப்பிட, சுற்றிவரும் முழக்கத்தில் மூன்றில் ஒரு பங்கையே ஏற்கும்.

எனினும், தொலைவே முதன்மையானது. வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள இடைவெளியைப் பாதியாக்கினால் நேரடி ஒலியின் ஆற்றல் நான்கு மடங்காகும். முழக்கமோ ஏறத்தாழ மாறாது. ஆகவே, குழந்தையின் உயரத்திற்கேற்ப ஒலிவாங்கியைத் தாழ்த்துவது செலவில்லாத மருந்து.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, பிள்ளையின் நாவைக் குறைகூறுமுன் கடைசி வரிசையில் நின்று கேட்டுப் பாருங்கள். அன்றைய மதிப்பெண்ணை என்னால் திருத்த இயலவில்லை. இப்போது போட்டி தொடங்குமுன் ஒலிவாங்கியின் உயரத்தை நானே சரிபார்க்கிறேன்.