கடனுக்குப் பின்னரே பங்கு

ஜனாஸாத் தொழுகைக்கு முன்னர் எமது பள்ளிவாசல்களில் ஓர் அறிவித்தல் செய்யப்படுவதுண்டு: மரணித்தவருடன் எவருக்கேனும் கொடுக்கல் வாங்கல் இருப்பின் வாரிசுகளைத் தொடர்புகொள்ளவும் என்று. கடைக்காரர் வருவார், கைமாற்றுக் கொடுத்தவர் வருவார். காணி வழக்கைப் பல தவணைகள் பேசிய சட்டத்தரணி வருவது அரிது. வந்தாலும், ஆளே போனபின் வழக்குக் கூலியா என்ற முணுமுணுப்பு எழும்.

ஸூறதுன் நிஸாவின் 11ஆம், 12ஆம் வசனங்கள் வாரிசுகளின் பங்குகளை வகுக்கின்றன. வஸிய்யத்தும் கடனும் தீர்ந்த பின்னரே பங்கு என்ற நிபந்தனை அவ்விரு வசனங்களிலும் நான்கு தடவைகள் வருகிறது. வஸிய்யத்திலும் கடனே முந்தியது என்பது இமாம்களின் ஏகோபித்த முடிவு. பிறருக்காக வழக்காடுவதை பிக்ஹு நூல்கள் 'வகாலத்' என்ற தலைப்பில் ஆராய்கின்றன. கூலி பேசி அதனை ஏற்பதும் ஆகுமானதே. ஆகவே, பேசிக் கொடுபடாத கூலியும் கடன்தான்.

வழக்காடுவதை விரும்பாத அலி (ரழி) அவர்கள், தமக்காக வாதிட முதலில் அகீல் (ரழி) அவர்களையும், அவர் முதுமையடைந்தபின் அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரழி) அவர்களையும் வகீலாக நியமித்ததாக அறிவிப்புண்டு. இதே அப்துல்லாஹ் இப்னு ஜஃபரை இன்னொரு வரலாற்றிலும் காண்கிறோம். அங்கு அவர் ஒரு கடன்காரர். வழக்குக் கூலிக்காக அல்ல, கொடுத்த பணத்துக்காக.

ஹிஜ்ரி 36இல் (கி.பி. 656) ஜமல் யுத்தத்தின்போது ஸுபைர் (ரழி) கொல்லப்பட்டார்கள். மக்கள் அமானிதமாகக் கொண்டுவந்த பணத்தை, அது தொலைந்தால் அவர்களுக்கு நட்டமாகிவிடும் என்றெண்ணிக் கடனாகவே ஏற்றவர் அவர். மகன் அப்துல்லாஹ் கணக்கிட்டபோது கடன் 22 இலட்சமாக இருந்தது. மதீனாவுக்கு அருகே 1,70,000க்கு வாங்கியிருந்த காணி 16 இலட்சத்துக்கு மதிக்கப்பட்டது. இப்னு ஜஃபருக்கு வரவேண்டியது நான்கு இலட்சம். அதை விட்டுவிடவும் தவணை கொடுக்கவும் அவர் முன்வந்தார். மகன் இரண்டையும் ஏற்காமல், காணியில் ஒரு துண்டைப் பிரித்துக் கொடுத்தார். அறிந்த கடனெல்லாம் தீர்ந்தபின் உடன்பிறந்தார் பங்கு கேட்டனர். நான்கு வருடங்கள் ஹஜ் காலத்தில் பகிரங்கமாக அறிவித்த பின்னரே பங்கிடுவேன் என்று மறுத்தார். அவ்வாறே செய்தார். ஸஹீஹுல் புகாரி இதனைப் பதிவு செய்துள்ளது.

இலங்கையில் 1806ஆம் ஆண்டின் முகம்மதியர் சட்டக்கோவையும், பின்னர் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் முஸ்லிம்களின் பங்குகளை வகுத்தன. ஆனால் மரணித்தவரின் ஆதனத்தை நிருவகிக்கும் முறையோ 1889ஆம் ஆண்டின் சிவில் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைக்கு உட்பட்டது. பிறக்டர் தன் கூலிக்காக வழக்கிடுவதற்கும் அக்கோவை வரம்பு விதித்தது: கையொப்பமிட்ட கட்டணப் பட்டியலைக் கட்சிக்காரருக்குக் கொடுத்து ஒரு மாதம் கழியவேண்டும். பிறக்டர், அப்புக்காத்து என்ற பிரிவு 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தால் நீங்கி, இருசாராரும் சட்டத்தரணிகளாயினர். ஆயினும் பட்டியல் வேண்டும் என்ற அந்த நியாயம் இன்றும் பொருந்தும்.

இங்கு ஒரு வேறுபாடு உண்டு. மரணித்தவர் உயிருடனிருக்கையில் அமர்த்திய சட்டத்தரணியின் கூலி, அவர் விட்டுச்சென்ற ஆதனத்தின் மீதான கடன். மௌத்துக்குப் பின் வாரிசுகளுள் ஒருவர் தன் பங்கைப் பெருக்க அமர்த்தியவரின் கூலி அவ்வாறானதன்று. அமர்த்தியவரே அதைக் கொடுக்கவேண்டும். இரண்டையும் ஒன்றாக்கினால் இழப்பு அநாதைகளுக்கே. அவர்களது சொத்தை அநியாயமாக உண்பது பற்றிய எச்சரிக்கை, பங்கு வசனங்களுக்குச் சற்று முன்னர், அதே ஸூறாவின் 10ஆம் வசனத்தில் இருக்கிறது.

ஆகவே, சட்டத்தரணியும் அந்த அறிவித்தலைக் கேட்டு வரட்டும். கையொப்பமிட்ட பட்டியலுடன் வரட்டும். வாரிசுகள் முகம் சுளிக்காது அதைப் பார்க்கட்டும். ஸுபைரின் மகன் நான்கு ஹஜ்ஜுகள் காத்திருந்தார். நாமோ கத்தம் முடிவதற்குள் காணியை அளக்கத் தொடங்கிவிடுகிறோம்.