ட்ரென்ட் ஆற்றின் இளஞ்சூட்டுக் காலம்

இந்த உரை ஒலிபரப்பான அன்று நிகழ்ச்சி முடிய முன்னரே ஒரு நேயர் தொலைபேசியில் வந்தார். "நிலக்கரி மின் நிலையத்தை மூடினதைப் பற்றி இவ்வளவு நேரம் கதைக்க என்ன இருக்கு? மோட்டர்வேயில் போகேக்க அந்தப் பெரிய கோபுரங்களைப் பார்க்கிறதோட சரி" என்றார். அவர் குறிப்பிட்டது நொட்டிங்ஹாமுக்குத் தெற்கே உள்ள ரட்கிளிஃப் மின் நிலையத்தை. 114 மீட்டர் உயரமான எட்டுக் குளிரூட்டும் கோபுரங்கள் கொண்ட நிலையம் அது. 2024 செப்டம்பர் 30ஆம் திகதி அது நிறுத்தப்பட்டபோது, 1882இல் லண்டன் ஹோல்போர்னில் தொடங்கிய பிரித்தானியாவின் நிலக்கரி மின்சாரம் 142 ஆண்டுகளின் பின் முடிவுக்கு வந்தது. பத்திரிகைகள் இதை எழுதின. அந்தக் கோபுரங்களின் அடியில் ஓடும் ஆற்றில் குளிர்காலத்தில் தூண்டில் போட்டவர்களைப் பற்றி அதிகம் பேர் எழுதவில்லை. அதனால்தான் நான் கதைத்தேன்.

நான் வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். எங்களுக்கு இருந்த வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். எனக்கு ஆற்று மீன்பிடியைக் காட்டியவர், 1996இல் நான் கணக்கு வேலை செய்த நிறுவனத்தில் சாரதியாக இருந்த ஒரு பெரியவர். அதற்கு முன் நொட்டிங்ஹாம் பகுதிச் சுரங்கம் ஒன்றில் இருபது வருடங்களுக்கு மேல் நிலக்கரி வெட்டியவர். அந்த ஊர் வழக்கப்படி ஆண், பெண், முதலாளி, தொழிலாளி என்று பார்க்காமல் எல்லோரையும் "மி டக்" என்றுதான் கூப்பிடுவார். "டக்" என்றால் வாத்து என்று மட்டும் தெரிந்திருந்த எனக்கு முதல் நாள் கொஞ்சம் கோபமே வந்தது. ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகிக் கிடந்த நேரத்தில், அவர் என்னை த்ரம்ப்டன் பக்கம் ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நூலில் கட்டிய வெப்பமானியைத் தண்ணீருக்குள் விட்டு எடுத்துப் பார்த்து, "எட்டு" என்றார். காற்றோ பூச்சியத்துக்குக் கீழே. "முந்தி இதைவிடச் சூடு" என்றும் சொன்னார்.

அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்பதை ஒரு கணக்காளனின் முறையில் சொல்கிறேன். மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து தண்ணீர் நீராவியாகிறது. நீராவி சுழலியைச் சுற்றிவிட்டு வெளியே வந்ததும் அதைத் திரும்பத் தண்ணீராக்க வேண்டும். அதற்குக் குளிர்ந்த நீர் தேவை. நிலக்கரியின் 100 பங்கு வெப்பத்தில் மின்சாரமாவது 40க்கும் குறைவு. மீதியில் கொஞ்சம் புகைபோக்கி வழியே போக, பெரும்பங்கு இந்தக் குளிர்ந்த நீருக்குத்தான் போகிறது. ஒரு 2,000 மெகாவாட் நிலையம் ஆற்று நீரை நேரே எடுத்து நேரே விடுவதென்றால் நொடிக்கு ஏறக்குறைய 60 கனமீட்டர் வேண்டும். நொட்டிங்ஹாமில் ட்ரென்ட் ஆற்றின் சராசரி ஓட்டமே நொடிக்கு 85 கனமீட்டர் அளவுதான். கோடையில் அதுவும் இல்லை. அதனால்தான் பெரிய நிலையங்களுக்குக் கோபுரங்கள் கட்டி வெப்பத்தைக் காற்றில் விட்டார்கள். அப்படியும் ஆற்றுக்கு ஒரு பங்கு வந்துகொண்டுதான் இருந்தது. கோபுரம் இல்லாமல் நேரே ஆற்றையே நம்பியிருந்த பழைய சிறிய நிலையங்கள் இன்னும் அதிகம் கொடுத்தன.

ஒன்றிரண்டு நிலையங்கள் என்றால் பேசவே வேண்டியதில்லை. 298 கிலோமீட்டர் நீளமான இந்த ஆற்றின் கரையில் ட்ரேக்லோ, வில்லிங்டன், காசில் டொனிங்டன், ரட்கிளிஃப், வில்ஃபோர்ட், ஸ்டேதோர்ப், ஹை மார்ன்ஹம், கொட்டம், வெஸ்ட் பர்ட்டன் என்று வரிசையாக நின்றன. பக்கத்தில் நிலக்கரி, எதிரில் தண்ணீர், வேறென்ன வேண்டும்? 'மெகாவாட் பள்ளத்தாக்கு' என்ற பெயரே அந்தப் பகுதிக்கு வந்தது. ஒரு நிலையம் சூடாக்கிய நீர் முழுதாக ஆறுவதற்குள் அடுத்த நிலையம் வந்துவிடும்.

அதற்கு முந்திய ஆறு எப்படி இருந்தது? ஐசக் வால்டன் 1653இல் வெளியிட்ட தூண்டில் நூலில், முப்பது வகை மீன்கள் இருப்பதாலோ முப்பது சிற்றாறுகள் வந்து சேர்வதாலோ இந்தப் பெயர் வந்தது என்ற பழைய விளக்கத்தைச் சொல்கிறார். பிரெஞ்சில் முப்பதுக்கு 'ட்ரோன்ட்'. விளக்கம் சரியோ பிழையோ, அன்று மீனுக்குக் குறைவில்லை. பிறகு ஸ்டோக் நகரத்துப் பீங்கான் ஆலைகளின் கழிவும், டேம் ஆற்றின் வழியே பர்மிங்ஹாமின் சாக்கடையும் உலோகத் தொழிற்சாலைக் கழிவும் வந்து சேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் டேம் கலக்கும் இடத்துக்குக் கீழே மீனே இல்லாத நீண்ட பகுதிகள் இருந்தன. கழிவைச் சுத்திகரிக்கும் வேலை முன்னேற முன்னேற மீன் திரும்பியது. அதே காலத்தில் மின் நிலையங்களும் எழுந்தன. ஆறு சுத்தமாகிக்கொண்டு வந்தது, ஆனால் முழுச் சுத்தம் இல்லை. சாக்கடையின் ஊட்டம் நிறைய, சூடும் சேர்த்தி. அந்த இடைக்காலம்தான், 1960களின் கடைசியிலிருந்து 1980களின் நடுப்பகுதி வரை, தூண்டில்காரர்களின் பொற்காலம்.

மீனுக்கு நம்மைப் போல உடற்சூடு கிடையாது. தண்ணீர் நாலு, ஐந்து பாகைக்கு இறங்கினால் ரோச், சப், பார்பல் போன்ற கெண்டைக் குடும்பத்து மீன்கள் சோர்ந்து, ஆழத்தில் அசையாமல் கிடக்கும். இரை மூக்குக்கு நேரே வந்தாலும் வாய் திறக்காது. எட்டு, ஒன்பது பாகையில் அவை தின்னும். இங்கிலாந்தின் மற்ற ஆறுகளில் தூண்டில்காரர் கையை ஊதிக்கொண்டு வீடு திரும்பிய நாட்களில், ட்ரென்ட் கரையில் போட்டிகள் நடந்தன. ஆற்று மீன்பிடிப் பருவம் மார்ச் 14ஆம் திகதி முடியும் வரை பேருந்துகளில் கழகம் கழகமாக வந்து இறங்குவார்கள்.

இரை என்றால் முதலில் புழு. மண்புழு அல்ல, ஈயின் புழு. அதற்கென்றே பண்ணைகள் உண்டு. கடையில் பைன்ட் கணக்கில் அளந்து விற்பார்கள். புழு கூட்டுப்புழுவாக மாறத் தொடங்கும்போது செம்பழுப்பாக வரும். அது இன்னும் நல்ல இரை. அதற்கு 'காஸ்டர்' என்று பெயர். காஸ்டரோடு, அவித்து வெடித்த கஞ்சாச் செடியின் விதையையும் ஒவ்வொரு பிடியாக ஆற்றில் தூவி மீனைக் கூட்டுவார்கள். மேலே மெல்லிய மிதவை ஓட்டத்தோடு போகும். அதன் வேகத்தைக் கையால் தடுத்துத் தடுத்து விட வேண்டும். ஓட்டத்தோடு மிதவையை நெடுந்தூரம் விடும் இந்த முறைக்கே 'நொட்டிங்ஹாம் பாணி' என்று பழைய பெயர். புழுப்பெட்டியை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எத்தனை குடும்பத்தில் சண்டை வந்ததோ தெரியாது. எங்கள் நிறுவனத்துச் சாப்பாட்டறைப் பெட்டியிலேயே ஒருநாள் இருந்தது. என் மதியச் சோறு பக்கத்தில்.

இந்த இரையில் ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. புழுவுக்குச் செம்மஞ்சள் நிறம் ஏற்றினால் மீன் அதிகம் கடிக்கும் என்று நம்பி, 'கிரைசொயிடின்' என்ற சாயத்தைப் பூசினார்கள். தூண்டில்காரர் அதைக் கையால் தொட்டார்கள். குளிரில் விறைத்த புழுவை வாயில் வைத்துச் சூடாக்கும் பழக்கமும் சிலருக்கு இருந்தது. 1982இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இந்தச் சாயம் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்ற எச்சரிக்கை வந்தது. 1985இல் பர்மிங்ஹாம் ஆய்வாளர்கள், அதை நீண்ட காலம் பயன்படுத்தியவர்களுக்குச் சிறுநீர்ப்பை வழிப் புற்றுநோய் அபாயம் கூடுவதாக அதே இதழில் எழுதினார்கள். சாயம் கைவிடப்பட்டது. எங்கள் பெரியவரின் விரல்களும் ஒரு காலத்தில் அந்த நிறத்தில்தான் இருந்தனவாம். "யாரும் சொல்லவில்லை" என்றார், அவ்வளவுதான்.

அவர் அன்று சொன்ன இன்னொன்றுதான் என்னை யோசிக்க வைத்தது. வெள்ளிக்கிழமை அவர் வெட்டிய கரி ரயிலில் ஏறி மின் நிலையத்துக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை அதே கரியின் சூட்டில் அவர் மீன் பிடிப்பார். கழகங்களில் பலவும் சுரங்கத் தொழிலாளர் நலச் சங்கங்களைச் சேர்ந்தவை. மின்சார சபையின் பேரேட்டில் அந்தச் சூடு வெறும் நட்டம். கழகத்தின் குறிப்பேட்டிலோ இறாத்தல், அவுன்ஸ் கணக்கில் மீன் வரவு. இரண்டு கணக்கும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

மீன் பிடிபட்ட கணக்கைப் பிறகு ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 1969 முதல் 1984 வரை தூண்டில்காரர்கள் பிடித்த மீன்களின் பதிவுகளைக் கொண்டு, ஆற்றின் மீன் வகைகள் எப்படி மாறின என்று 1986இல் ஓர் ஆய்வு வெளியானது. கழகக் குறிப்பேடுகளை அக்கறையாக வைத்திருந்தவர்களை நினைத்து எனக்கு ஒரு தொழில் ரீதியான சந்தோஷம். மற்றப்படி 1980களின் பின்பாதியிலிருந்து முறைப்பாடுதான்: ரோச் குறைந்துவிட்டது, தண்ணீர் கண்ணாடியாகிவிட்டது, நீர்க்காகம் கூடிவிட்டது, மின் நிலையங்கள் போகின்றன. வில்ஃபோர்ட் 1981, காசில் டொனிங்டன் 1994, வில்லிங்டன் 1999, ட்ரேக்லோவும் ஹை மார்ன்ஹமும் 2003 என்று ஒவ்வொன்றாகச் சூடு அணைந்தது. டேம் ஆற்றின் அழுக்கைப் படியவைக்க 1980இல் லீ மார்ஸ்டனில் ஏரி அமைத்ததும் பலன் கொடுத்தது. சுரங்கங்களும் போயின. நொட்டிங்ஹாம்ஷயரின் கடைசிச் சுரங்கமான தோர்ஸ்பி 2015 ஜூலையில் மூடியது.

"ஆற்றை அளவுக்கு மிஞ்சிச் சுத்தமாக்கிவிட்டார்கள்" என்று தூண்டில்காரர்கள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. நான் சிரிக்கவில்லை. அவர்கள் இழந்தது உண்மையான இழப்பு. ஆனால் அந்தச் சூட்டை வெறும் கொடையாக எழுதவும் என்னால் முடியாது. வெந்நீர் கோடையிலும் வந்தது. பூச்சியம் பாகைத் தண்ணீர் லீட்டருக்கு 14.6 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 25 பாகைத் தண்ணீர் 8.3தான். சாக்கடையும் சூடும் சேர்ந்தால் மீன் மூச்சுத் திணறும். குளிர்காலத்திலும் கணக்கு நேரானதல்ல. அமெரிக்காவில் கனெக்டிகட் ஆற்றங்கரை அணுமின் நிலையம் 1968இல் ஓடத் தொடங்கியபோது, டேனியல் மெரிமன் என்ற பேராசிரியரின் குழு அதன் வெந்நீர்க் கால்வாயைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. குளிர்காலத்தில் கெளிறு வகை மீன்கள் அங்கே திரளாக வந்து கூடின, தூண்டில்காரரும் கூடினார்கள். ஆனால் அந்த மீன்கள் மெலிந்து போயிருந்தன. சூட்டில் உடல் எரிக்கும் அளவுக்கு அங்கே தீனி இல்லை. ட்ரென்டில் தீனி இருந்தது, ஏனென்றால் பர்மிங்ஹாமின் சாக்கடை இருந்தது. இதைப் பெரியவரிடம் ஒருநாள் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப ரெண்டு அழுக்கும் சேர்ந்துதான் எங்களுக்கு மீன் தந்திருக்கு, மி டக்" என்றார்.

2025 ஜனவரியில் திரும்பவும் அதே கரைக்குப் போனோம். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. மடக்குக் கதிரையை நான் தூக்கினேன். கோபுரங்கள் நின்றன, மேலே ஆவி இல்லை. வெப்பமானி நாலு பாகை காட்டியது. சாயம் பூசாத வெள்ளைப் புழுவைக் கொளுவி, சிறுகச் சிறுகத் தூவி, மூன்று மணித்தியாலம் இருந்தார். இருட்ட முன்னர் ஒரு சப் மீன் கடித்தது. நாலு இறாத்தல் இருக்கும். நிறுத்துப் பார்க்கத் தராசு கொண்டுவரவில்லை. அவர் அதை வலையிலேயே தண்ணீருக்குள் கொஞ்ச நேரம் பிடித்திருந்து, பிறகு விட்டார். மீதிப் புழுவை எங்கே வைப்பது என்று யோசித்தபடி, மார்ச் 14க்கு முன் இன்னொருமுறை வருவோம் என்று பேசிக்கொண்டு காருக்கு நடந்தோம்.